நாவும் தராசும்



கண்டி மாநகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய மூன்று மைல் தூரத்தில், மகாவலி கங்கையின் கரையிலே அமைந்திருக்கிறது கட்டுகஸ்தோட்டை. மாத்தளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், 1880 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கண்டி - மாத்தளைப் புகையிரதப் பாதையும் இவ்விடத்திலேதான் ஆற்றைக் கடக்கின்றன. மலைநாட்டின் வரலாற்றில் இத்துறைக்குத் தனியிடம் உண்டு. மாத்தளை மலைகளில் விளைந்த கோப்பியும் பின்னர் தேயிலையும் கண்டிக்கும் கொழும்புக்கும் இவ்வழியாகவே சென்றன. தமிழகத்திலிருந்து படகேறி, மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காடுகளையும் மாத்தளையையும் நடந்தே கடந்து, கண்டிச்சீமையை நாடி வந்த தொழிலாளரும் இவ்வாற்றைத் தாண்டியே சென்றனர். வழியில் கொள்ளைநோய்க்கும் காய்ச்சலுக்கும் பலியாகிப் பாதையோரத்திலேயே கிடந்தவர்கள் பலர். ஆக, மலையின் விளைபொருளும் அதனை விளைவித்த உழைப்பும் ஒரே துறையைக் கடந்து சென்றன என்று சொல்லலாம்.

அந்த விளைபொருளின் மதிப்பை நிர்ணயித்தது எது? அந்த உழைப்பின் மதிப்பை நிர்ணயித்தது எது? இவ்விரு வினாக்களுக்கும் விடை வெவ்வேறு. முன்னதை நிர்ணயித்தது ஒரு மனிதனின் நா. பின்னதை நிர்ணயித்தது ஒரு தராசு. இவ்விரண்டின் கதையையே இன்று உங்களுடன் சிறிது நேரம் பேச எண்ணுகிறேன்.

பலர் ஒருங்கே கூடி ஒரு பானத்தைச் சுவைத்து, அதற்குத் தரமும் விலையும் கூறும் வழக்கம் தேயிலையோடு பிறந்ததன்று. ஐரோப்பாவில் முந்திரிகை மதுவுக்கு அவ்வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அவற்றுள்ளும் போர்த்துக்கல் நாட்டின் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலே விளைந்து, ஒப்போர்ட்டோத் துறைமுகத்தின் வழியே உலகுக்குச் சென்ற 'போர்ட்' மது புகழ்பெற்றது. 1703 ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் போர்த்துக்கலுக்கும் ஏற்பட்ட மெதுவன் உடன்படிக்கையால் இம்மதுவுக்கு ஆங்கிலச் சந்தையில் தீர்வைச் சலுகை கிடைத்தது. வாணிகம் பெருகியபோது கலப்படமும் பெருகியது. அதனைத் தடுக்கவே 1756 ஆம் ஆண்டில் பொம்பால் என்னும் போர்த்துக்கேய அமைச்சர் ஒரு கும்பனியை நிறுவி, டூரோ நிலத்தை எல்லைக்கல் நாட்டி வரையறுத்தார். ஏற்றுமதிக்கு ஏற்ற மது எது, உள்ளூருக்கு உரியது எது என்பதைச் சுவைஞர்கள் சுவைத்துப் பிரித்தனர். சுவை என்பது தனிமனித விருப்பம் என்னும் நிலையிலிருந்து உயர்ந்து, ஊரறிந்த ஒரு தீர்ப்பாக மாறிய இடங்களுள் டூரோவும் ஒன்று.

போர்ட் மதுவில் 'விண்டேஜ்' எனப்படுவது, மிகச் சிறந்த ஓர் ஆண்டின் விளைச்சலிலிருந்து மட்டுமே எடுக்கப்பட்டது. அறுவடைக்குப் பின் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் அதனைப் போத்தலில் அடைத்துவிடுவார்கள். பின்னர் அது இருட்டறையிலே பல பத்தாண்டுகள் முதிரும். இத்தகைய மதுக்கள் பலவற்றைச் சுவைக்க ஒரு குழு கூடும்போது, அதற்கான ஆயத்தம் முதல்நாளே தொடங்கிவிடும். போத்தல்களை நிமிர்த்தி வைத்து வண்டலைப் படியவிட வேண்டும். பின்னர் மெல்லச் சரித்து, தெளிந்ததை வேறு பாத்திரத்தில் வடித்தெடுக்க வேண்டும். போத்தலின் பெயரை மறைத்து இலக்கத்தை மட்டும் இட வேண்டும். பெயரைக் கண்டவனின் நா பெயரையே சுவைக்கும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். நம் மலைநாட்டிலே மதுவின் இடத்தைத் தேயிலை பெற்றது. ஆயின் முறை ஏறத்தாழ அதுவே.

தேயிலை இங்கு வந்த வரலாறு பலரும் அறிந்ததே. சுருங்கக் கூறிச் செல்கிறேன். ஸ்கொத்லாந்தில் 1835 ஆம் ஆண்டில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர், 1852 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்ட மலைப்பகுதியில் உள்ள லூல்கந்துர தோட்டத்தில், 1867 ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையை நட்டார். அதே 1867 ஆம் ஆண்டிலேதான் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதமும் வந்து சேர்ந்தது. அக்காலத்தில் மலைநாட்டின் அரசன் கோப்பியே. இரண்டாண்டுகள் கழித்து, 1869 ஆம் ஆண்டில், கோப்பி இலையிலே செம்மஞ்சள் நிறப் பொடியாகத் தோன்றிய ஒரு பூஞ்சண நோய் அவ்வரசனின் முடிவைத் தொடங்கி வைத்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. பல துரைமார் ஓட்டாண்டிகளாயினர். அதே காலத்திலே டூரோப் பள்ளத்தாக்கிலும் வேரை அரிக்கும் ஒரு பூச்சியால் முந்திரிகைத் தோட்டங்கள் பாழாயின என்பது நினைக்கத்தக்கது. டூரோவில் முந்திரிகையை மீண்டும் நட்டார்கள். நாமோ பயிரையே மாற்றிக்கொண்டோம்.

டெய்லரின் முதல் தேயிலை தொழிற்சாலையில் உருவானதன்று. தமது பங்களாவின் விறாந்தையிலே, மேசைகளின்மேல் இலையைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பின்மேல் கம்பித் தட்டுகளை வைத்து உலர்த்தினார். உருட்டிய கைகளும் நெருப்பைப் பார்த்த கண்களும் அங்கிருந்த தொழிலாளருடையவை. 1872 ஆம் ஆண்டில் உருட்டும் இயந்திரத்தோடு ஒரு தொழிற்சாலை எழுந்தது. 1873 ஆம் ஆண்டில் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது தேயிலை நிலம் 4 இலட்சம் ஏக்கரை நெருங்கியிருந்தது.

இவ்வளவு தேயிலை விளைந்தபின் அதற்கு விலை சொல்ல ஒரு சபை வேண்டுமன்றோ? 1883 ஆம் ஆண்டு யூலை மாதம் 30 ஆம் திகதி, கொழும்பிலே சோமவில் கும்பனியின் அலுவலகத்தில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. 1894 ஆம் ஆண்டில் கொழும்புத் தேயிலை வணிகர் சங்கம் தோன்றியது. அதுவரை இலண்டன் மின்சிங் வீதியின் நாக்குகளையே நம்பியிருந்த தேயிலைக்கு, கொழும்பிலும் நாக்குகள் உண்டாயின. பிற்காலத்தில் இலண்டன் ஏலம் 1998 ஆம் ஆண்டில் முற்றாக நின்றுவிட்டது. கொழும்பு ஏலமோ இன்றும் நிலைத்திருக்கிறது. 2020 ஆம் ஆண்டில், கொள்ளைநோய்க் காலத்தில், ஏலக் கூடத்தின் கூச்சல் ஓய்ந்து கணினி வழியான ஏலம் தொடங்கியது. விலை கேட்கும் குரல் மாறிற்று. ஆயினும் சுவைக்கும் நாவுக்கு மாற்று எதுவும் வரவில்லை.

அச்சுவைக் கூடத்தினுள்ளே சற்று நுழைந்து பார்ப்போம். பெரும்பாலும் வடக்கு நோக்கிய சாளரங்களை உடைய நீண்ட அறை. நேர் வெயில் படாத, எந்நேரமும் ஒரே சீரான வெளிச்சம் வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நெடிய மேசையிலே வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களும் மூடியுள்ள சிறு குவளைகளும் அணிவகுத்து நிற்கின்றன. ஒவ்வொரு குவளைக்கும் பின்னால் அந்தந்தத் தோட்டத்தின் உலர்ந்த தேயிலை ஒரு தகரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அத்தேயிலையிலே பழைய ஆறுபென்சு நாணயத்தின் எடையளவு, அதாவது மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவாக, நிறுத்துக் குவளையிலே இடுவார்கள். அப்போதுதான் கொதித்த நீரை ஊற்றி, மூடி, ஐந்தாறு நிமிடங்கள் காத்திருப்பார்கள். மணி அடித்ததும் குவளையைக் கிண்ணத்தின்மேல் சரித்து வடிப்பார்கள். சாயம் கிண்ணத்தில் இறங்கும். வெந்த இலை மூடியின்மேல் கவிழ்த்து வைக்கப்படும்.

சுவைஞர் மூன்று சாட்சிகளை விசாரிக்கிறார். முதற் சாட்சி உலர்ந்த இலை. அது கறுத்து, முறுகி, தூசு தும்பின்றி இருக்கிறதா? இரண்டாம் சாட்சி வெந்த இலை. அது புதுச் செப்புக்காசு போலத் துலங்குகிறதா, அன்றிப் பச்சையாகவோ கருமையாகவோ கிடக்கிறதா? மூன்றாம் சாட்சியே சாயம். கரண்டியிலே சிறிது அள்ளி, 'சர்' என்ற ஓசையோடு உறிஞ்சுவார். பந்தியிலே அவ்வோசை எழுப்பினால் நம் பாட்டிமார் கண்டிப்பார்கள். இங்கே அதுவே தொழில்முறை. காற்றோடு கலந்து நாவெங்கும் தெறித்து, மணம் மூக்கின் பின்புறம் ஏறவேண்டும் என்பதே அதன் நோக்கம். பின்னர் உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். தேர்ந்த சுவைஞர் ஒரு நாளிலே நூற்றுக்கணக்கான கிண்ணங்களைக் கடந்து செல்வார். அருகில் நிற்கும் எழுத்தர் அவர் சொல்லும் ஓரிரு சொற்களைக் குறித்துக்கொள்வார். உயிர்ப்பு உண்டு, கனம் உண்டு, சப்பென்று இருக்கிறது, புகை ஏறியிருக்கிறது, கருகல் தெரிகிறது என்று இப்படிச் சிறுசிறு சொற்கள். அச்சொற்களின் அருகே ஒரு விலை எழுதப்படும்.

ஒருவர் சொன்னால் அது அபிப்பிராயம். தரகரின் சுவைஞரும், வாங்குவோரின் சுவைஞர்களும், தோட்டத்தின் 'டீமேக்கரும்' ஒரே எடை, ஒரே நீர், ஒரே நேரம் என்னும் விதிக்குக் கட்டுப்பட்டுச் சுவைத்துச் சொன்னால் அது தீர்ப்பாகிறது. இதற்காகவே 1980 ஆம் ஆண்டில் சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம், 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம் என்று ஒரு நியமத்தையே வகுத்தது.

இத்தீர்ப்பிலே மலையின் உயரத்துக்கு முதலிடம் உண்டு. இரண்டாயிரம் அடிக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. நாலாயிரம் அடிக்கு மேலே விளைவது உயர்நிலத் தேயிலை. இடைப்பட்டது நடுநிலத் தேயிலை. கண்டித் தேயிலை பெரும்பாலும் நடுநிலத்துக்கு உரியது. நுவரெலியாவின் மென்மணம் அதற்கு இல்லை. ஆயின் சாயமும் கனமும் உண்டு. பால் ஊற்றினாலும் தளராத உடல்வலு அதற்கு. திம்புள்ளை மலைகளுக்குத் தைமாதக் குளிர்ந்த காற்றும், ஊவாவுக்கு ஆடி, ஆவணி மாதங்களின் வறண்ட காற்றும் சிறப்பைத் தருகின்றன. போர்ட் மதுவுக்குச் சிறந்த ஆண்டு உண்டென்றால், தேயிலைக்குச் சிறந்த வாரங்கள் உண்டு. ஆனால் ஒரு பெரும் வேறுபாடு: மது முதிர முதிரச் சிறக்கும், தேயிலையோ நாள் செல்லச் செல்லத் தன் மணத்தை இழக்கும். எனவே அதற்குரிய நீதியை விரைந்து வழங்கவேண்டும்.

நாவின் தீர்ப்பு எத்தகைய விலையைக் கொண்டு வரக்கூடும் என்பதற்கு ஒரு சான்று. 1891 ஆம் ஆண்டில் மஸ்கெலியாப் பகுதியின் காட்மோர் தோட்டத்திலிருந்து சென்ற சிறப்புத் தேயிலை, இலண்டன் ஏலத்தில் ஓர் இறாத்தல் 25 பவுணுக்கு மேல் விலை போயிற்று. அது விளம்பரத்துக்காகக் கேட்கப்பட்ட விலைதான். சந்தையின் சாதாரண விலையன்று. எனினும் இலங்கைத் தேயிலையின் பெயர் உலகெங்கும் பரவ அது துணை செய்தது.

இனி, நேயர்களே, நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு வருவோம். அச்சுவைஞர் கிண்ணத்திலே கண்ட உயிர்ப்பும் துலக்கமும் எங்கிருந்து வந்தன? மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்தன என்பது உண்மை. தொழிற்சாலையிலே இலையை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தியவர்களின் கவனத்திலிருந்தும் வந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால், கொழுந்து கிள்ளிய விரலிலிருந்து வந்தன. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பதே நல்ல தேயிலையின் இலக்கணம். முற்றிய இலையும் காம்பும் கூடையிலே சேர்ந்தால், எத்தகைய தொழிற்சாலையும் அதனைத் திருத்த இயலாது. இலை கசங்கினால் கூடையிலேயே சூடேறிச் சிவந்துவிடும்; அதனை மறுநாள் மூடியின்மேல் வெந்த இலை காட்டிக்கொடுக்கும். ஆகவே கொழும்பிலே நா கூறும் தீர்ப்பு, மலைச்சரிவிலே ஒரு பெண் தன் விரல் நுனியால் ஏற்கெனவே எழுதிவிட்ட தீர்ப்பே.

ஆனால் அப்பெண்ணை மதிப்பிட்டது நா அன்று, தராசு. நாள்தோறும் கொழுந்து மடுவத்திலே அவள் கூடை நிறுக்கப்பட்டது. குறித்த நிறை இருந்தால் செக்ரோலில் ஒரு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று மெல்லிய கொழுந்தாகத் தேர்ந்து எடுத்தவளின் கூடை இலேசாகவே இருக்கும். கண்டபடி பறித்தவளின் கூடை கனக்கும். மென்மையைக் கங்காணி வற்புறுத்துவார். கனத்தைத் தராசு வற்புறுத்தும். இரண்டுக்கும் நடுவே அவள் நிற்பாள். அந்த மென்மைக்காக ஏலத்தில் ஏறிய விலையோ அவளுடைய லயத்து வாசலை எட்டியதில்லை. அவள் கொழுந்தெடுத்த சிறந்த தேயிலை பெட்டிகளில் ஏறிக் கப்பலுக்குச் சென்றது. மலிந்த தூளில் ஊற்றிய பிளேன்டீயே அவளுக்கு எஞ்சியது.

இந்த இடைவெளியை அடைக்க முயற்சிகள் நடந்ததில்லை என்று சொல்ல முடியாது. தொழிலாளியைக் கடன்சீட்டோடு பிணைத்த துண்டு முறை 1921 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. ஆயினும் கூலி உயர்வு கேட்டுப் போராடும் நிலை தொடர்ந்தது. தேயிலை முதன்முதலில் வேரூன்றிய அதே ஹேவாஹெட்டப் பகுதியில், முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருள் ஒருவரான கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரையில் அக்குறை முற்றாகத் தீரவில்லை. ஒரே வேலைக்குப் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் என்பது 1984 ஆம் ஆண்டிலேதான் கைகூடியது. 2009 ஆம் ஆண்டின் கூட்டொப்பந்தத்தில் நாட்சம்பளம் 405 ரூபாவாக அமைந்தது. அதனுள் 30 ரூபா, விலையில் ஒரு பங்கு என்று பொருள்படும் பெயரால் வழங்கப்பட்டது. நாவின் தீர்ப்பிலிருந்து தராசின் பக்கம் வந்து சேர்ந்த பங்கு அவ்வளவே.

இது நம் மலைக்கு மட்டும் உரிய கதையன்று. டூரோப் பள்ளத்தாக்கின் செங்குத்தான கற்பாறைச் சரிவுகளை உடைத்துப் படிப்படியாக நிலம் அமைத்தவர்களுள் ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் கூலிகள் பலர். போர்ட் போத்தலின்மேல் வணிகரின் பெயரும் ஆண்டும் துலங்கும். அக்கலீசியரின் பெயர் எங்கும் இல்லை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்குச் செல்லும் பக்கத்திலே மகியாவை மயானம் இருக்கிறது. 1892 ஆம் ஆண்டில் மறைந்த ஜேம்ஸ் டெய்லர் அங்கே துயில்கிறார். அவரது உடலை மலையிலிருந்து தோளிலே சுமந்து வந்தவர்கள் அவரிடம் வேலை செய்த தொழிலாளர். டெய்லருக்குக் கல் உண்டு, அதில் எழுத்தும் உண்டு. அவர் அதற்கு உரியவரே. சுமந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை.

நேயர்களே, சுவைத்துத் தரம் காணும் இக்கலை வணிகருக்கு மட்டும் உரியதன்று. ஹந்தானை மலையிலே, 1925 ஆம் ஆண்டில் எழுந்த பழைய தொழிற்சாலை ஒன்று இப்பொழுது தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது; பழைய உருட்டும் இயந்திரங்களை அங்கே காணலாம். பாடசாலைப் பிள்ளைகளையும் நண்பர்களையும் அழைத்துச் சென்று பார்த்து, வீடு திரும்பியபின் நீங்களே ஒரு சுவைச் சபை கூட்டலாம். கண்டி, நுவரெலியா, ஊவா, றுகுணை முதலிய ஆறு வகைத் தேயிலை போதும். ஒரே அளவான வெள்ளைக் கோப்பைகளை எடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எடை, அப்போதே கொதித்த ஒரே நீர், ஆறு நிமிடம். பாலும் சீனியும் வேண்டாம். பெயர்களை ஒருவர் மட்டும் அறிந்திருக்கட்டும். மற்றவர்களுக்கு இலக்கங்களே தெரியட்டும். ஒவ்வொருவரும் தம் கருத்தை எழுதி முடிக்கும்வரை எவரும் வாய் திறக்கலாகாது. ஏனெனில் முதலில் பேசுபவரின் சொல் மற்றவர்களின் நாவிலும் ஏறிவிடும். எழுதி முடித்தபின் ஒப்பிட்டுப் பாருங்கள். சிறியவர் ஒருவரின் நா பெரியவர்களின் நாவை வென்றாலும் வியப்பில்லை.

அந்தச் சபையிலே வெந்த இலையையும் ஒருமுறை கையிலெடுத்து விரித்துப் பாருங்கள். முழு இலைத் தேயிலையாயின் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அது விரியக்கூடும். அதனைக் கிள்ளிய விரலின் அடையாளம் அது. சாயத்துக்கு நாம் எத்தனை சொற்களைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறோம்! அந்த விரலின் திறமைக்கு ஒரு சொல்லேனும் தேடவேண்டாமா? கைத்திறனைச் சுவையால் அறிந்து கொண்டாடுகிறவர்கள், அதற்குக் கூலி கொடுக்கும்போது மட்டும் நிறையாலே அளப்பது முறையாகுமா? நாவின் நீதியும் தராசின் நீதியும் ஒன்றாகும் நாளிலேதான் கண்டித் தேயிலையின் வரலாறு நிறைவு பெறும்.